வீதத்தை விதித்தவர் யார்? லீலாவதி முதல் இந்தாப்பூர் வரை ஒரு கணக்கின் வரலாறு

(சற்றே நீண்ட பதிவு. கணித வரலாறு, பொருளியல் வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

10 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் வெட்டக் கூலி 400 ரூபாய் எனில் மொத்தச் செலவு எவ்வளவு?

இத்தகைய கணக்கைச் செய்யாமல் பள்ளியைக் கடந்தவர் நம்மில் எவருமிலர். கனஅளவு 30 கன மீட்டர். செலவு 12,000 ரூபாய். மாணவர் கண்டறிய வேண்டியவை இவ்விரண்டு எண்களே. 400 என்னும் மூன்றாவது எண் வினாவிலேயே தரப்பட்டுவிடுகிறது. அது எங்கிருந்து வந்தது, அதை விதித்தவர் யார், மண் வெட்டுபவர் அதற்கு இசைந்தாரா என்னும் கேள்விகள் கணிதத்துக்குப் புறம்பானவை என்று ஒதுக்கப்படுகின்றன. ஆனால் பரப்பு, கனஅளவு, செலவு ஆகியவற்றைப் பற்றிய கணக்குகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால், பூசல்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவது எண்ணைச் சுற்றியே நிகழ்ந்திருப்பதைக் காணலாம். புனே நகரையும் அதைச் சூழ்ந்த மராட்டிய நாட்டையும் களமாகக் கொண்டு அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் நூலிலிருந்து தொடங்குவோம். இரண்டாம் பாஸ்கரர் 1150 ஆம் ஆண்டையொட்டி இயற்றிய லீலாவதி, இந்தியக் கணித நூல்களுள் மிகப் பரவலாகப் பயிலப்பட்டது. கணேச தைவக்ஞர் 1545 இல் எழுதிய புத்திவிலாசினி என்னும் உரையுடனும் மகீதரரின் உரையுடனும் அதைப் புனேயின் ஆனந்தாசிரமம் தன் வடமொழி நூல்வரிசையில் 1937 இல் வெளியிட்டது. இன்றும் ஆய்வாளர்கள் பெரிதும் நாடுவது அந்தப் பதிப்பையே.

லீலாவதியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாமரைக் குளத்து வண்டுகளையும் பாம்பைப் பிடிக்கும் மயிலையும் நினைவுகூர்வர். நூலின் பிற்பகுதியிலுள்ள சில இயல்கள் அவ்வளவு கவனம் பெறுவதில்லை. குழி வெட்டுதல், செங்கல் அடுக்குதல், மரம் அறுத்தல், தானியக் குவியலை அளத்தல் என்று அன்றாடத் தொழில்களையொட்டி அமைந்த இயல்கள் அவை.

ஒரு குழியின் பக்கங்கள் சீராக இல்லை. மூன்று இடங்களில் அளந்தபோது நீளம் 10, 11, 12 முழம். அகலம் 6, 5, 7 முழம். ஆழம் 2, 4, 3 முழம். கனஅளவு என்ன? பாஸ்கரர் ஒவ்வோர் அளவுக்கும் சராசரி காணச் சொல்கிறார். 11, 6, 3 ஆகியவற்றைப் பெருக்கினால் 198 கன முழம். வேறொரு கணக்கில் ஒரு குழி மேலே 12 முழ நீளமும் 10 முழ அகலமும் கொண்டது. அடியில் இரண்டும் பாதியாகக் குறுகுகின்றன. ஆழம் 7 முழம். மேற்பரப்பு 120, அடிப்பரப்பு 30, இரு நீளங்களின் கூட்டுத்தொகையை இரு அகலங்களின் கூட்டுத்தொகையால் பெருக்க 270. மூன்றையும் கூட்டி 6 ஆல் வகுத்தால் 70; அதை ஆழத்தால் பெருக்கினால் 490 கன முழம். சரிந்த பக்கங்களுடைய குழிக்கு இது துல்லியமான விடை.

செங்கல் கணக்கும் இவ்வாறே. கல்லின் நீளம் 18 விரல், அகலம் 12 விரல், உயரம் 3 விரல். அடுக்கின் நீளம் 8 முழம், அகலம் 5 முழம், உயரம் 3 முழம். 24 விரல் ஒரு முழம். எத்தனை கற்கள்? 2,560. எத்தனை வரிசைகள்? 24. மரம் அறுக்கும் கணக்கில், அடியில் 20 விரலும் நுனியில் 16 விரலும் பருமனுள்ள, 100 விரல் நீளமுள்ள மரம் நான்கு இடங்களில் நெடுக அறுக்கப்படுகிறது. அறுபட்ட பரப்பு பன்னிரண்டரைச் சதுர முழம். அறுப்பவருக்குக் கூலி அந்தப் பரப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்பதே இக்கணக்கின் பின்னணி.

இவ்வளவையும் துல்லியமாகக் கற்பிக்கும் பாஸ்கரர், கூலியின் வீதம் என்ன என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். செங்கல் அடுக்கு, கல் அடுக்கு, குழி, மரம் அறுத்தல் ஆகியவற்றுக்கான விலை இரண்டைப் பொறுத்தது என்கிறார் அவர். ஒன்று, வேலை செய்வோரின் இசைவு. மற்றொன்று, பொருளின் மென்மையும் வன்மையும். இதற்கு மேல் எந்தச் சூத்திரமும் அவர் தருவதில்லை.

இந்தச் சிறு விதியை உரையாசிரியர்களும் வாசகர்களும் எளிதில் கடந்துபோகலாம். எனக்கு அது நூலின் மிக முக்கியமான இடங்களுள் ஒன்றாகப் படுகிறது. கனஅளவைக் கணிதம் தரும். வீதத்தைக் கணிதம் தராது. மண் இளகியதா இறுகியதா என்பதைக் களத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்கு எவ்வளவு கூலி என்பதை வேலை செய்பவரிடம் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். கணக்கு எங்கே முடிந்து பேச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் கணித நூலே வரையறுத்துவிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கூலித் தொழிலாளர் உண்மையில் எவ்வளவு பேரம் பேச முடிந்தது என்பது வேறு கேள்வி. நூல் அந்த இசைவை ஒரு தேவையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

வீதத்தைப் போலவே அளவுகோலும் நடுநிலையான பொருள் அன்று. இதற்கும் பாஸ்கரரின் மரபிலிருந்தே ஒரு சான்று உண்டு. மகாராஷ்டிரத்தின் சாளிஸ்காவ் அருகிலுள்ள பாட்ணேயில் 1207 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்றுள்ளது. பாஸ்கரரின் பெயரரும் யாதவ மன்னன் சிங்கணனின் தலைமைக் கணியருமான சாங்கதேவர், பாஸ்கரரின் நூல்களைப் பயில்வதற்கென அங்கு ஒரு மடம் நிறுவினார் என்று அது கூறுகிறது. கல்வெட்டின் பிற்பகுதி பழைய மராட்டியில் அமைந்தது. மடத்துக்கு விடப்பட்ட வருவாய்களை அது பட்டியலிடுகிறது. ஊரில் அளக்கப்படுபவை அனைத்தும் மடத்தின் அளவையாலேயே அளக்கப்பட வேண்டும். அளவைக் கட்டணத்தில் பாதி மடத்துக்கு, பாதி அளப்பவருக்கு என்பது அவற்றுள் ஒன்று. அளத்தலைப் பற்றிய நூலைக் கற்பிக்கும் நிறுவனம் அளவையின் உரிமையிலிருந்தே வருவாய் பெற்றது. மரக்கால் யாருடையது என்பது பொருளியல் கேள்வியாக இருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நம் கணக்கதிகாரம் நிலவழி, பொன்வழி, நெல்வழி, கல்வழி என்று பொருள்களின் பெயராலேயே தன்னைப் பகுத்துக்கொள்கிறது. காரிநாயனார் இயற்றியதாகக் கருதப்படும் அந்நூலின் நில அளவைக்கு அடிப்படை குழி. அதாவது அளவுகோலின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம். கோல் மாறினால் குழியும் மாறும். சோழர் கல்வெட்டுகளில் 12 சாண் கோலும் உண்டு, 16 சாண் கோலும் உண்டு. 16 சாண் கோலால் 100 குழியாக அளக்கப்பட்ட ஒரு நிலத்தை 12 சாண் கோலால் அளந்து பாருங்கள். 256 ஐ 144 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க, ஏறத்தாழ 178 குழி வரும். குழிக்கு இவ்வளவு என்று வரி விதிக்கப்பட்டிருந்தால், நிலம் ஓர் அடிகூட நகராமல் வரி முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். கல்வெட்டுகள் எந்தக் கோலால் அளக்கப்பட்டது என்பதைத் தவறாமல் குறிப்பிட முனைவதற்குக் காரணம் இதுவே. திண்ணைப் பள்ளிகளின் கணக்குக் கல்வியையும் ஊர்க்கணக்கரின் அளவை நடைமுறையையும் இணைத்து ஆராய்ந்த செந்தில் பாபுவின் 2022 ஆம் ஆண்டு ஆங்கில நூல், எண்ணும் அளவும் சமூக உறவுகளிலிருந்து பிரிக்க முடியாதவை என்பதை விரிவாகக் காட்டுகிறது. இத்துறையில் நுழைய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய நூல் அது.

இனி புனேக்கு வருவோம். 1818 இல் பேஷ்வா ஆட்சி வீழ்ந்து கிழக்கிந்தியக் கம்பெனி அப்பகுதியைக் கைக்கொண்டது. மராட்டியர் காலத்தில் நில அளவைக்குரிய கோல் காட்டி எனப்பட்டது. ஐந்து முழமும் ஐந்து கைப்பிடியும் கொண்டது. பக்கத்துக்கு 20 காட்டி கொண்ட சதுரம், அதாவது 400 சதுரக் காட்டி, ஒரு பிகா. முழமும் கைப்பிடியும் மனித உடலின் அளவுகள். ஆகவே அளப்பவரின் கையைப் பொறுத்துப் பிகாவும் சற்றே மாறும். புதிய ஆட்சியாளருக்கு இது ஒழுங்கின்மையாகத் தோன்றியது. நிலத்தை முறையாக அளந்து, வரியை அறிவியல் அடிப்படையில் விதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தப் பொறுப்பு 1820களின் பிற்பகுதியில் ராபர்ட் கீத் பிரிங்கிள் என்னும் இளம் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனி அலுவலரைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கல்லூரியில் கற்றவர் அவர்; மால்தஸ் அங்கே பொருளியல் ஆசிரியராக இருந்தார். அக்காலத்தில் புதிதாக உருப்பெற்றிருந்த வாரக் கோட்பாட்டைப் பிரிங்கிள் புனே மாவட்டத்து வயல்களில் செயல்படுத்தினார். ஒவ்வொரு மண்வகைக்கும் மொத்த விளைச்சலின் மதிப்பைக் கணக்கிடுவது. அதிலிருந்து சாகுபடிச் செலவைக் கழிப்பது. எஞ்சும் நிகர விளைச்சலில் 55 விழுக்காட்டை வரியாக விதிப்பது. கோட்பாட்டளவில் இது பழைய முறைகளைவிட நேர்மையானது. உழைப்பின் செலவு முழுவதும் கழிந்த பிறகே அரசு தன் பங்கைக் கேட்கிறது.

ஆனால் இக்கணக்கில் எத்தனை எண்கள் ‘தரப்பட்டவை’ என்று பாருங்கள். நிலப் பரப்பு, மண்ணின் தரம், ஒரு பிகாவின் சராசரி விளைச்சல், தானியத்தின் சந்தை விலை, மாட்டுக்கும் விதைக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு. ஒவ்வொன்றும் கீழ்நிலை அளவையாளரும் எழுத்தரும் குறித்துத் தந்தது. அவற்றில் பிழைகளும் கையூட்டுக்காகச் செய்யப்பட்ட திரிபுகளும் நிறைந்திருந்தன என்று பின்வந்த அலுவலர்களே எழுதினர். எண்கள் அனைத்தும் சரியாகவே இருந்திருந்தாலும் முறையிலேயே ஓர் அபாயம் இருந்தது. அதை நானே அமைத்த எளிய எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

ஒரு வயலின் விளைச்சல் மதிப்பு 10 ரூபாய். சாகுபடிச் செலவு 6 ரூபாய். நிகரம் 4 ரூபாய். வரி 55 விழுக்காடு, அதாவது 2 ரூபாய் 20 காசு. உழவருக்கு எஞ்சுவது 1 ரூபாய் 80 காசு. அடுத்த ஆண்டு தானிய விலை ஐந்தில் ஒரு பங்கு வீழ்கிறது என்று கொள்வோம். விளைச்சல் மதிப்பு 8 ரூபாய். செலவு அதே 6 ரூபாய். நிகரம் 2 ரூபாய். வரியோ முன்பே விதிக்கப்பட்ட 2 ரூபாய் 20 காசு. இப்போது நிகர விளைச்சல் முழுவதையும் கொடுத்தாலும் 20 காசு கடன். விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நிகரம் பாதியாகிவிடுகிறது. இரண்டு பெரிய எண்களின் வேறுபாட்டைக் கொண்டு வீதம் விதிக்கும்போது நேரும் இடர் இது. பொறியியல் மாணவர்கள் இதைப் பிழைப்பெருக்கம் என்று அறிவர்.

அக்காலத்தில் தானிய விலைகள் வீழ்ந்தன, மழையும் பொய்த்தது. பீமா, நீரா ஆறுகளுக்கிடையே அமைந்த வறண்ட இந்தாப்பூர் வட்டத்தில் விளைவு கடுமையாயிற்று. வரி நிலுவை குவிந்தது. உழவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டு வெளியேறினர். பிரிங்கிளின் ஏற்பாடு சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது.

1835 இல் கோல்ட்ஸ்மிட், ஜார்ஜ் விங்கேட் ஆகிய இருவரும் இந்தாப்பூரில் மீண்டும் அளவையைத் தொடங்கினர். பிரிங்கிளின் பாடத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர். நிகர விளைச்சலைக் கணக்கிடும் முயற்சியையே கைவிட்டனர். ஊர்த் தொகுதிகளின் பழைய வரி வரலாறு, மழை, சந்தையின் அண்மை ஆகியவற்றைப் பார்த்து அனுபவ மதிப்பீட்டால் ஒரு பொது வீதத்தைக் குறைத்து நிர்ணயித்து, அதை 30 ஆண்டுகளுக்கு உறுதிசெய்தனர். ஒவ்வொரு வயலுக்கும் அந்த வீதத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டும் மண்ணின் தன்மையைக் கொண்டு பகிர்ந்தனர். இம்முறை 1847 இன் கூட்டறிக்கையில் முழு வடிவம் பெற்றது. மண்ணின் நிறமும் பதமும் பார்க்கப்பட்டன. தோண்டி அதன் ஆழம் முழக்கணக்கில் அளக்கப்பட்டது. சுண்ணாம்புக் கல், சரிவு, மணற்பாங்கு போன்ற குறைகள் குறிக்கப்பட்டன. இவற்றைக் கொண்டு நிலம் ஒன்பது தரங்களாகப் பிரிக்கப்பட்டு, தரத்தின் மதிப்பு ரூபாய்க்கு இத்தனை அணா என்று சொல்லப்பட்டது. முதல் தரம் 16 அணா. பரப்பளவைச் சொல்ல ஏக்கரும் குண்டாவும் வந்தன. 33 அடிப் பக்கமுள்ள சதுரம் ஒரு குண்டா, 1,089 சதுர அடி. 40 குண்டா ஓர் ஏக்கர். புனேயில் இன்றும் நிலம் விற்போர் குண்டாக் கணக்கில்தான் விலை சொல்கின்றனர்.

பாஸ்கரர் சொன்ன இரண்டில் ஒன்று இங்கே திரும்ப வந்துவிட்டதைக் கவனியுங்கள். மண்ணின் மென்மையும் வன்மையும் ஆழமும் கணக்கில் இடம்பெற்றன. ஆனால் மற்றொன்றான உழைப்போரின் இசைவு வரவில்லை. வீதம் குறைவாக இருந்தவரை அந்த இன்மை வெளித்தெரியவில்லை. இந்தாப்பூரில் கைவிடப்பட்ட நிலங்கள் மீண்டும் உழப்பட்டன. 30 ஆண்டுகள் முடிந்து 1860களின் பிற்பகுதியில் வீதங்கள் மறுநிர்ணயம் செய்யப்பட்டபோது நிலைமை மாறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியிருந்த காலத்தை அளவாகக் கொண்டு வரி உயர்த்தப்பட்டது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1870 இல் உருவான பூனா சார்வஜனிக் சபை இவ்வுயர்வுகளை எதிர்த்துக் குரலெழுப்பியது. 1875 மே 12 அன்று புனே மாவட்டத்துச் சுபே ஊரில் உழவர்கள் வட்டிக்கடைக்காரரின் கடன் பத்திரங்களைக் கைப்பற்றி எரித்தனர். கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. இதில் வரி உயர்வின் பங்கு எவ்வளவு, கடன் சுமையின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுதப்பட்ட எண்ணைத் தாம் சரிபார்க்கவோ மறுக்கவோ இயலாத நிலையில் உழவர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில்தான் ஜோதிராவ் ஃபுலேயைப் படிக்க வேண்டும். 1882 அக்டோபரில் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த சாட்சியத்தில் அவர் தம்மை வணிகர், உழவர், நகராட்சி உறுப்பினர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அரசின் வருவாய் உழவரின் உழைப்பிலிருந்து வருகிறது. அது உயர்வகுப்பாரின் உயர்கல்விக்குச் செலவாகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. தொடக்கப் பள்ளிகளில் எவற்றைக் கற்பிக்க வேண்டும் என்று அவர் தந்த பட்டியலில் மோடி, பாலபோத எழுத்துகளும் கணக்கும் வேளாண்மையின் அடிப்படை அறிவும் இடம்பெற்றன. மோடி எழுத்து அக்காலத்து அலுவலக ஆவணங்களின் எழுத்து. மோடியும் கணக்கும் தெரிந்த உழவர் தம் பெயரில் எழுதப்பட்ட ரசீதையும் பத்திரத்தையும் தாமே படித்துச் சரிபார்க்க முடியும். எழுத்தறியாத உழவரை எழுத்தரும் அலுவலரும் ஏமாற்றும் வகைகளை அவருடைய ‘ஷேத்கர்யாசா ஆஸூட்’ விரிவாகச் சொல்கிறது. கணக்குப் பாடத்தை அவர் கோரியதன் அரசியல் அங்கே தெளிவாகிறது.

இதற்கிணையாக இன்னொரு கல்வியும் புனேயில் வளர்ந்தது. 1854 இல் தொடங்கப்பட்ட பூனா பொறியியல் வகுப்பு, பின்னர் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. பொதுப்பணித் துறைக்குக் கீழ்நிலை அலுவலரைப் பயிற்றுவிப்பது அதன் தொடக்க நோக்கம். மண்வேலையின் கனஅளவைக் கண்டு, வீதத்தால் பெருக்கி, மதிப்பீடு தயாரிப்பது அத்தகைய அலுவலரின் அன்றாடப் பணி. ஃபுலே கோரிய கணக்கு வீதத்தைச் சரிபார்ப்போருக்கு உரியது. இந்தக் கணக்கு வீதத்தைச் செயல்படுத்துவோருக்கு உரியது. சூத்திரம் இரண்டிலும் ஒன்றே.

மகாராஷ்டிரப் பொதுப்பணித் துறையின் வீதப்பட்டியல் இன்றும் மென்மண், முரும், மென்பாறை, வன்பாறை என்று பிரித்தே குழி வெட்டும் வேலைக்கு வீதம் சொல்கிறது. பாஸ்கரரின் மென்மையும் வன்மையும் நிலைபெற்றுவிட்டன. இசைவு என்னவாயிற்று? 1970களின் தொடக்கத்தில் வறட்சி தாக்கியபோது மகாராஷ்டிரத்தில் லட்சக்கணக்கானோர் கல் உடைத்தும் மண் வெட்டியும் பிழைத்தனர். அந்த அனுபவத்திலிருந்து 1977 இல் வேலைவாய்ப்பு உறுதிச் சட்டம் பிறந்தது. வெட்டிய குழியை அளந்து கூலி தருவதே அதன் நடைமுறை. 2005 இன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், ஒருவர் ஒரு நாள் முறையாக வேலை செய்தால் அந்நாளுக்குரிய கூலி கிடைக்கும்படி வீதப்பட்டியல் அமைய வேண்டும் என்று விதித்தது. இது சிந்தனையில் பெரிய மாற்றம். அதுவரை கனஅளவை வீதத்தால் பெருக்கிக் கூலி காணப்பட்டது. இப்போது ஒரு மனித நாளின் கூலியிலிருந்து தொடங்கி, ஒரு பெண்ணோ முதியவரோ ஒரு நாளில் எவ்வளவு மண் வெட்ட இயலும் என்று பார்த்து, வீதத்தைப் பின்னோக்கிக் கண்டறிய வேண்டும். நூறு நாள் வேலைத் தளங்களில் குழியை அளக்கும் நாடாவைச் சுற்றி எழுந்த சண்டைகள் அனைத்தும் இக்கணக்கின் இரு திசைகளுக்கிடையே எழுந்தவையே.

ஆசிரியர்களாகப் போகும் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை. அளவியல் பாடத்தில் வாய்க்கால் கணக்கைக் கொடுக்கும்போது, விடை கண்ட பிறகு மேலும் மூன்று வினாக்களைச் சேருங்கள். மண் பாதி ஆழத்துக்குக் கீழே பாறையாக இருந்தால் வீதம் எப்படி மாற வேண்டும்? ஒருவர் ஒரு நாளில் 1 கன மீட்டருக்கு மேல் வெட்ட இயலாது எனில், 400 ரூபாயில் ஒரு குடும்பம் வாழுமா? குழியை அளப்பவரும் கூலி தருபவரும் ஒருவரே எனில், அளவைச் சரிபார்ப்பது எப்படி? மூன்றுக்கும் கணக்குப் போட வேண்டும். மூன்றுக்கும் கணக்கு மட்டும் போதாது. கணிதத்தின் எல்லையை ஒரு மாணவர் இவ்வினாக்களின் வழியே உணர்ந்துகொண்டால், பாஸ்கரரின் அந்தச் சிறு விதியை அவர் படித்துவிட்டார் என்று கொள்ளலாம்.